பத்துச்சீட்டோடு போன பிள்ளை

லீட்ஸ்,
இங்கிலாந்து.
19.10.2003, ஞாயிறு.

அன்பும் மரியாதையும் நிறைந்த அப்பா இருளப்பன் அவர்களுக்கு, மகள் விஜயகலா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நான் இங்கே சுகம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி மதுசன், கறவை மாடு, அதன் கன்று எல்லாரும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். இந்தக் கடிதம் வத்துக்கந்தைத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸுக்கு வந்து, தபால்காரர் கையால் உங்களிடம் சேரும்போது, நீங்கள் அதைத் தனியாக இருந்து வாசிக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஏழாம் லயத்து வாசலில் விறகுக் கட்டைமேல் ஏறி நின்று, கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்தி நிறுத்தி வாசிப்பீர்கள். பேராதனையில் படித்த காலத்தில் சோப்பு முடிந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினேன். அதையும் அப்படித்தான் வாசித்தீர்கள். அடுத்த லீவுக்கு நான் வந்து இறங்கியபோது, லயத்தில் வீட்டுக்கு ஒரு சோப்பாக வாங்கி எனக்காக வைத்திருந்தார்கள். அந்தச் சோப்பில் இரண்டு இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன.

ஆகையால் இந்த முறை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். ஊருக்கு வாசித்துக் காட்டக்கூடியதை நீலப் பேனாவால் எழுதுகிறேன். உங்களுக்கு மட்டும் உரிய இடங்களுக்கு முன்னாலும் பின்னாலும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். அந்த இடங்களை மனதுக்குள் வாசியுங்கள். உதடு அசையக் கூடாது. நம்ம லயத்து மூன்றாம் காம்பராவில் குடியிருக்கும் இலட்சுமி அத்தை உதட்டைப் பார்த்தே முழு வசனத்தையும் சொல்லிவிடுவார்.

அவருக்குத்தான் முதல் பதில். நான் புறப்பட்ட அன்று, எல்லாரும் கண்ணீரும் கம்பலையுமாக நின்ற நேரத்தில், "மண்ணப் பத்திப் படிக்கவா இம்புட்டு தூரம் போற? நம்ம தோட்டத்துல இல்லாத மண்ணா?" என்று அத்தை கேட்டார். இங்கே ஆய்வுகூடத்தில் முதல் நாளே ஓர் அலுமாரியைத் திறந்து காட்டினார்கள். கண்ணாடிச் சாடிகளில் ஊர் ஊராகக் கொண்டுவந்த மண். மூன்றாவது தட்டில் ஒரு சாடியில் நம்ம ஊர்ச் சிவப்பு. லேபிளில் இலங்கை என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருந்தது, அத்தை சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆனால் அத்தைக்கு இதையும் சொல்லுங்கள். மே மாத மழையில் எட்டாம் லயத்துக்கு மேலே மலை வெடித்து, நாம் எல்லாரும் பத்து நாள் பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்துக் கிடந்தோமே, அந்த மலை எந்த மழைக்குத் தாங்கும், எந்த மழைக்குத் தாங்காது என்று முன்கூட்டியே சொல்லும் வித்தையைத்தான் நான் இங்கே படிக்கிறேன். மண் அங்கே இருக்கிறது. அதைச் சொல்லும் படிப்பு இங்கே இருக்கிறது. இதை அத்தைக்கு இரண்டு தரம் வாசியுங்கள்.

விசா இரண்டு வாரம் பிந்தி வந்ததால் நான் வந்து சேரும்போது பல்கலைக்கழக விடுதியெல்லாம் நிரம்பிவிட்டது. பாவம் பார்த்து ஒரு விடுதியில் பதினைந்து நாளைக்கு மட்டும் ஒரு கட்டில் கொடுத்தார்கள். பதினெட்டாம் தேதி சனிக்கிழமை அதை விட வேண்டும், அதற்குள் வெளியே ஓர் அறை பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பதினைந்து நாளில் ஓர் அறை கிடைக்காதா என்று நானும் போட்டுக்கொடுத்தேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

அந்த விடுதியில் உங்கள் மகள் பெரிய பேர் எடுத்தாள் அப்பா, இதைக் கொஞ்சம் உரக்க வாசிக்கலாம். நான் வந்த ஐந்தாம் நாள் விடியற்காலை ஆறு மணிக்குக் கட்டிடம் முழுக்க மணி அலறியது. காது கிழிகிற சத்தம். பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு போர்வையும் கையுமாக, ஒற்றைக் காலில் செருப்புமாக, என்ன ஏது என்று தெரியாமல் படியில் முட்டிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி பல் துலக்கும் தூரிகையை வாயில் வைத்தபடியே வந்துவிட்டாள். நான் முழுக்க உடுத்தி, தலை சீவி, சப்பாத்துப் போட்டு, நிதானமாக இறங்கி வந்து முற்றத்தில் போய் வரிசையில் நின்றேன். ஒரு மனிதர் அட்டையில் பேர்ப்பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு அடையாளம் போட்டார். அப்பா, சத்தியமாகச் சொல்கிறேன், அது விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற நம்ம பெரட்டுத்தான். அந்தக் குளிர், அந்த அரைத் தூக்கம், பேர் கூப்பிடுகிறவர் முகத்தில் அந்தக் கடுகடுப்பு, ஒன்றும் மாறவில்லை. கங்காணி மட்டும் வெள்ளை. என் பேரை அவருக்குச் சொல்ல வரவில்லை. பாதியிலேயே விளங்கிக்கொண்டு பெரட்டுக் களத்தில் சொல்வதுபோல் குரல் கொடுத்தேன். முற்றமே திரும்பிப் பார்த்தது. ஏதோ மின்கம்பி கருகிய நாற்றத்தால் மணி அடித்துவிட்டது, ஆபத்து ஒன்றும் இல்லை, எல்லாரும் உள்ளே போகலாம் என்று கடைசியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு மின்சார வேலைக்காரர் மூன்று நாள் வந்து சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தார். ஆனால் விடுதிக்குப் பொறுப்பான அம்மா என்னை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, அவசர நேரத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இந்தப் பிள்ளை உதாரணம் என்று பாராட்டினார். அந்த நேரத்தில் நான் ஏன் முழுக்க உடுத்தி நின்றேன் என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

அடுத்தது குடை. இங்கே மழை நம்ம ஊர் மழைபோல் வந்து கொட்டிவிட்டுப் போவதில்லை. விருந்துக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி நாள் கணக்காக இருக்கிறது. வந்த மூன்றாம் நாள் நான் குடை பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். எதிரே ஒருவர் வருகிறார். உயரமான வெள்ளைக்காரர். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சொக்ஸ், கையில் தடிபோல் ஒரு நீண்ட இரும்பு, பக்கத்தில் நாய். அப்பா, இந்தக் கோலத்தில் ஓர் ஆள் ரோட்டில் வந்தால் நம்ம கை என்ன செய்யும்? நீங்கள் சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது எத்தனை தரம் தோட்டத்துத் தொரையைக் கண்டு குடையை மடக்கி, ரோட்டோரத் தண்ணீர்க் கான் பக்கம் இறங்கி நின்றிருப்பீர்கள். என் கை என்னைக் கேட்கவில்லை. குடையை மடக்கிவிட்டேன். ஓரமாக இறங்கி மழையில் நனைந்துகொண்டு நின்றேன்.

அவர் தொரை இல்லை, எங்கள் பேராசிரியர். கையில் இருந்தது மண்ணைத் துளைத்துப் பார்க்கும் கருவி. வயலுக்குப் போய் வந்தபடியால்தான் அந்த உடை. நான் நனைவதைப் பார்த்துத் திகைத்துப்போய், குடை உடைந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன். தன் குடையை என் கையில் திணித்துவிட்டு நாயும் தானுமாக மழையில் நடந்தார். இரண்டு நாள் கழித்து, திருப்பிக் கொடுக்கலாம் என்று அவர் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். அதே இடம், அதே சொக்ஸ். கை மறுபடியும் மடக்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், தன் குடையைப் பார்த்தார், அதுவும் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டார். மறுநாள் என் மேசைமேல் ஒரு புதுக் குடை இருந்தது. இப்போது என்னிடம் மூன்று குடை. மூன்றும் நல்ல குடை.

(சிவப்புக் கோடு இங்கே தொடங்குகிறது. உதடு கவனம்.)

அப்பா, ஒரு பொய் சொல்லிவிட்டேன். பொய் என்றும் சொல்ல முடியாது, ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. முதல் கிழமையில் இலங்கைப் பிள்ளைகள் சேர்ந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு தேத்தண்ணி விருந்து வைத்தார்கள். கொழும்புப் பிள்ளைகள்தான் அதிகம். அப்பா என்ன செய்கிறார் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்கு வங்கி, ஒருவருக்கு நீதிமன்றம், ஒருவருக்குக் கப்பல். என் முறை வந்தது. தேயிலை என்றேன். உடனே ஒருத்தி, "பிளாண்டரா?" என்றாள். என் வாய் நிறையத் தேத்தண்ணி இருந்தது. அதை விழுங்கி முடிப்பதற்குள் கேள்வி அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. நானும் அதைத் திருப்பிக் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து நான் தொரை மகள். வரக்காப்பொலையைச் சேர்ந்த றம்ஸியா என்ற பிள்ளையும் அங்கே இருந்தாள். புள்ளிவிபரவியல் படிக்க வந்தவள், விடுதியில் எனக்குப் பக்கத்து அறை. அவளுடைய வாப்பா துணி வியாபாரமாம். நல்ல பிள்ளை. அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன், ஒவ்வொரு நாளும் விட்டுவிட்டேன். நீங்கள் அடுப்பு வெக்கையில் நின்று விறகு போட்டுப் படிக்க வைத்த பிள்ளை, நீங்கள் யார் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பத்து நாள் இருந்தாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது.

(சிவப்புக் கோடு முடிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடரலாம்.)

இப்போது அறை தேடிய கதை. இங்கே வீடு வாடகைக்கு விடுவதற்கென்றே அலுவலகங்கள் இருக்கின்றன. றம்ஸியாவுக்கும் விடுதி பிடிக்கவில்லை, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வீடு பார்க்கலாம் என்று புறப்பட்டோம். நாலு அலுவலகம் ஏறி இறங்கினோம். புலமைப்பரிசில் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். பல்கலைக்கழகக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். என் பட்டச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை, நானாக நீட்டினேன், வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. கடைசியில் எல்லாரும் ஒரே ஒரு கடிதம் கேட்டார்கள். இதற்கு முன்னால் எந்த வீட்டில் இருந்தாயோ அந்த வீட்டுச் சொந்தக்காரர், இந்த ஆள் இவ்வளவு காலம் என் இடத்தில் இருந்தார், ஒழுங்காக இருந்தார், தொந்தரவு இல்லாமல் போனார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம். றம்ஸியா முன்பு கொழும்பில் வாடகை அறையில் இருந்தவள், அந்த வீட்டுக்காரியிடமிருந்து தொலைநகலில் வரவழைத்துவிட்டாள். நான் பெற்றோரோடு இருந்தேன் என்றேன். அப்படியானால் வீடு பெற்றோருக்குச் சொந்தமா, அதற்கான உறுதிப் பத்திரத்தைக் காட்டு என்றார்கள். புதன்கிழமை நாலாவது அலுவலகத்தில், கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி போட்ட ஒரு நடுத்தர வயது அம்மா இதையே கேட்டபோது, றம்ஸியா எனக்கு உதவி செய்கிறேன் என்று இடையில் புகுந்து, இவளுடைய அப்பா தேயிலைத் தோட்டத்துத் தொரை, பெரிய பங்களா, அது கம்பனிக்குச் சொந்தம் என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா மிக மரியாதையாக, அப்படியென்றால் கம்பனியின் கடிதத்தைக் கொண்டுவாருங்கள், சாவி தயாராக இருக்கிறது என்றார்.

புதன்கிழமை. கட்டில் சனிக்கிழமையோடு முடிகிறது. தோட்டத்துக்குக் கடிதம் எழுதி, அது வந்து, தொரை பதில் எழுதி, அது இங்கே வர ஒரு மாதம் ஆகும். அப்படியே வந்தாலும் அதில் பங்களா இருக்காது.

அப்போதுதான் எனக்கு அந்தப் பத்துச்சீட்டு ஞாபகம் வந்தது.

நீங்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் சின்னப் பிள்ளைகளுக்குப் பத்துச்சீட்டு என்றால் என்னவென்று தெரியாது, ஆகையால் அந்தக் கதையையும் சொல்லிவிடுங்கள். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகிறவர், பழைய தொரை கையெழுத்துப் போட்ட சீட்டைக் கொண்டுபோனால்தான் புதிய இடத்தில் பேர் பதிவார்கள். அதெல்லாம் ஒழிந்து எத்தனையோ காலம். ஆனால் எனக்கு விசா வந்த மறுநாள், நீங்கள் ஆடித் திருவிழாவுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆபீஸுக்குப் போகணும் வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். தொரைக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. நீங்கள் கேட்டது அவருக்கு விளங்கவே இல்லை. லண்டனுக்குப் போகிற பிள்ளைக்கு எதற்குப் பத்துச்சீட்டு என்று அவர் சிங்களத்தில் கேட்க, நீங்கள் சிங்களத்திலேயே விளக்க, உள்ளே இருந்த கிளாக்கர்மார் எல்லாரும் எட்டிப் பார்க்க, நான் நின்ற இடத்தில் நிலம் பிளக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பட்டத்தில் முதல் வகுப்பு என்று போட்டிருக்கிறது, அது போதாதா என்று உங்கள் காதில் சொன்னேன். "அது நீ படிச்சவன்னு சொல்லும். ஒழுங்கா இருந்து ஒழுங்காப் போனவன்னு எது சொல்லும்? எங்கப்பா கேகாலைத் தோட்டத்துல இருந்து இங்க வந்தப்ப கையில சீட்டு இருந்திச்சி. அன்னைக்கே காம்பரா குடுத்தாங்க" என்றீர்கள்.

ஓய்வு பெறப்போகிற பெரிய கிளாக்கர் ஐயாவுக்கு மட்டும் விஷயம் தெரிந்திருந்தது. இரும்பு அலுமாரியின் அடியில் இருந்து கறையான் தின்றது போக மூன்றே மூன்று அச்சடித்த சீட்டு எடுத்தார். தூசி தட்டி டைப்ரைட்டரில் செருகினார். தோட்டத்துக்கு வந்த தேதி என்ற இடத்தில் நான் பிறந்த தேதியை அடித்தார். வேலை என்ற இடத்தில் அச்சில் இருந்த வேலை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மாணவி என்று அடித்தார். போகும் காரணம், இங்கிலாந்தில் மேற்படிப்பு. நடத்தை, நன்று. அதற்கு நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மிக நன்று என்று போட வேண்டும் என்றீர்கள். அச்சில் நன்று மட்டும்தான் இருக்கிறது, இடமில்லை என்றார் கிளாக்கர் ஐயா. பத்து நிமிஷம் வாக்குவாதம். கடைசியில் அந்தச் சின்னத் தொரைதான் சிரித்துக்கொண்டு பேனாவை எடுத்து, அச்சடித்த எழுத்துக்கு மேலே மிக என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் வைத்தார். ஓப்பநாயக்க டவுனில் மஷூர் நானாவின் கொமியுனிகேஷன் கடையில் அதை லெமினேட் செய்து வாங்கினீர்கள். நான் அதை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போவதாக இருந்தேன். அம்மா அதை மிளகாய்த்தூள் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்.

(சிவப்புக் கோடு.)

புதன்கிழமை அந்திக்கு அதைப் பெட்டியில் இருந்து எடுத்துத் துடைத்தேன். நல்ல ஆங்கிலம், தொரையின் முத்திரை, தோட்டத்தின் பேர். அவர்கள் கேட்ட அத்தனையும் அதில் இருந்தது. இருப்பிடம் என்ற இடத்தில் லயம் ஏழு, காம்பரா நாலு என்றும் இருந்தது. தகப்பன் என்ற இடத்தில் இருளப்பன், ஃபெக்டரி அடுப்பு என்றும் இருந்தது. அதைக் கொடுத்தால் அறை கிடைக்கும், தொரை மகள் போய்விடுவாள். றம்ஸியாவை விட்டுவிட்டுத் தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வரலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் வீடு இரண்டு பேர் பேரிலும் எடுப்பது, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வேறு வழி இருந்திருந்தால் அந்தச் சீட்டைக் காட்டியிருக்க மாட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

(கோடு முடிந்தது.)

வியாழக்கிழமை காலை போனோம். கண்ணாடிச் சங்கிலி அம்மா சீட்டை வாங்கினார். மஷூர் நானா போட்ட லெமினேட்டைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் எழுத்தில் இருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். அப்பா, உங்களைப் போலவே நிறுத்தி நிறுத்தி வாசிக்கிற மனுஷி. பேர். தேதி. பிறகு லயம் ஏழு என்ற இடத்தில் நிறுத்தி, லயம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டார். றம்ஸியா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. நேரே அந்த அம்மாவைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்.

"வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. உங்கள் ஊர்க்காரர் கட்டியது. நாங்கள் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, அங்கே வேலை செய்கிறவர்கள். அப்பா தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு போடுகிறார். அம்மா கொழுந்து பறிக்கிறார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த நாலாம் காம்பராவில்தான்."

அந்த அம்மா மறுபடியும் சீட்டைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் ஒரே விலாசத்திலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆறு மாதம் ஓர் இடத்தில் ஒழுங்காக இருந்தேன் என்று காட்ட முடியாத ஆட்கள்தான் தினமும் வருகிறார்கள் என்றார். பிறகு நடத்தை என்ற இடத்துக்கு வந்தார். பேனாவால் எழுதிய அந்த மிக என்ற சொல்லில் விரலை வைத்தார். பக்கத்து மேசையில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இத்தனை வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், ஒரு வீட்டுக்காரர் அச்சடித்த சொல் போதாது என்று பேனா எடுத்துக் கூட்டி எழுதியதை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். எடுத்தார் சாவியை, வைத்தார் மேசையில்.

நீங்கள் ஆபீஸில் பத்து நிமிஷம் சண்டை போட்டு வாங்கிய ஒரு சொல், அப்பா. உங்கள் அப்பாவுக்கு அன்றைக்கே காம்பரா கிடைத்ததுபோல் எனக்கும் அன்றைக்கே கிடைத்தது. எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது.

புறப்படும்போது அந்த அம்மா, நீ இந்த வீட்டை விட்டுப் போகும்போது நாங்களும் இப்படி ஒரு சீட்டு எழுதித் தர வேண்டுமா என்று கேட்டார். கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் போனால் என் அப்பா என்னை லயத்துக்குள் சேர்க்க மாட்டார் என்றேன். அவர் அதைச் சிரிக்காமல் எழுதி வைத்துக்கொண்டார்.

(சிவப்புக் கோடு, கடைசி.)

வெளியே வந்ததும் றம்ஸியாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் நடையை நிறுத்தவே இல்லை. "நீ அண்டக்கி மழையில கொடய மடக்கிட்டு கானோரம் நிண்டியே, அப்பவே எனக்கு வெளங்கினது. தொரட மகள் கொடய மடக்குவாளா புள்ள?" என்றாள். அப்படியானால் தெரிந்துகொண்டே ஏன் அந்த அம்மாவிடம் பங்களா என்று சொன்னாய் என்று கேட்டேன். நீ சொல்லாத ஒன்றை நான் எப்படிச் சொல்வது, நீ விரும்பின கதையைத்தானே சொன்னேன் என்றாள். பிறகு, "எங்கட வாப்பா சாரிப் பொட்டலத்தத் தோள்ல போட்டுக்கிட்டு லயம் லயமா ஏறி எறங்கின மனிசன். துணி யாவாரம்னு நான் சொன்னதும் அதான்" என்றாள். இரண்டு பேரும் மழையில் நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்தில் போன ஒரு கிழவர் ஒதுங்கிப் போனார்.

(முடிந்தது.)

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகும்போது அதே வழியில் பேராசிரியர் வந்தார். அரைக்கால் சட்டை, சொக்ஸ், இரும்பு, நாய், சரியான மழை. என் கை மடக்கத்தான் போனது. நான் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ரோட்டின் நடுவிலேயே, குடை பிடித்தபடி நேரே நடந்து, காலை வணக்கம் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அப்பாடா, குடை சரியாகிவிட்டதா?" என்று கேட்டார். சரியாகிவிட்டது என்றேன்.

நேற்றுச் சனிக்கிழமை புது வீட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அம்மாவுக்கு நித்திரை வராது. ஒரு நீண்ட கட்டிடம். ஒரே கூரை. இந்தப் பக்கச் சுவர் ஒரு வீட்டுக்கு, அந்தப் பக்கச் சுவர் இன்னொரு வீட்டுக்கு, பின்சுவரும் வேறொரு வீட்டுக்குப் பொது. முன்னால் இரண்டு படி, அதில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறார், எங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. லயம், அப்பா. ஆறாயிரம் மைல் பறந்து வந்து நான் குடியேறியிருப்பது லயத்தில்தான். வெள்ளைக்காரர் இந்த வித்தையை எங்கே பழகிவிட்டு நம்ம மலைக்கு வந்தார்கள் என்பதும் விளங்கிவிட்டது. ஒரே வித்தியாசம், இங்கே கூரை ஒழுகவில்லை, தண்ணீர் உள்ளேயே வருகிறது. அதை நம்ம தொரையிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அம்மாவின் முழங்கால் வலிக்கு மருந்து போடச் சொல்லுங்கள். மதுசன் கணிதத்தில் கவனமாக இருக்கட்டும். பெரிய கிளாக்கர் ஐயாவுக்கும் மஷூர் நானாவுக்கும் என் வணக்கமும் நன்றியும். மிக என்று எழுதிய தொரைக்குத் தனியாக ஒரு நன்றி. மிச்சமிருக்கிற இரண்டு சீட்டையும் கறையான் படாமல் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், நம்ம லயத்தில் இருந்து இன்னும் பிள்ளைகள் புறப்படுவார்கள். மாரியம்மன் துணையால் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், மலை வெடிக்காமல், நல்லபடியாக இருக்க வேண்டும்.

உங்கள் ஆசியை நாடும்,
மகள் விஜயகலா.
(முன்பு லயம் ஏழு, காம்பரா நாலு.)

பி.கு.: கடிதத்தை மடிக்கும் முன் ஒரு தரம் முழுக்க வாசித்துப் பார்த்தேன். இரண்டு விஷயம்.

ஒன்று, அன்று விடியற்காலை விடுதியில் கருகியது மின்கம்பி இல்லை. அம்மா கட்டிக் கொடுத்த கட்டாக் கருவாடு. யாரும் எழுவதற்குள் பொரித்துத் தின்றுவிடலாம் என்று ஐந்தரைக்கே எழுந்து உடுத்தி, குசினிக்குள் போனது நான்தான். மணி அடிக்கவைத்ததும் நான், ஒழுங்காக வரிசையில் நின்று பாராட்டு வாங்கியதும் நான். அந்த மின்சார வேலைக்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

இரண்டு, சிவப்புக் கோடு போட்ட இடங்களையெல்லாம் சத்தமாக வாசியுங்கள் அப்பா. நான் வெட்கப்பட்டதையும் வாசியுங்கள். ஆட்கள் காணாவிட்டால் ஆறாம் லயத்தையும் கூப்பிடுங்கள். உங்கள் பேரும் வேலையும் வருகிற இடத்தில் நீங்கள் குரலைத் தாழ்த்துவீர்கள், எனக்குத் தெரியும். அந்த இடத்தை மட்டும் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.